தண்டச் சீட்டுக்குப் பதில் சொல்வது எப்படி?

(ஹட்டனில் வாகனச் சாரதிகளும் ஆசிரியர்களும் தோட்டத் தலைவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்களாம். வாகனத்தை நிறுத்தியதற்கு எழுதுகிற ஒரு சீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம். இருக்கிறது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தண்டப்பணப் பட்டியலில் 33 குற்றங்கள் வருகின்றன. நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு அதில் 1,000 ரூபாய். நிறுத்தும்போது எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்காவிட்டால் 2,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாய்க்கு வந்தது. அதுவும் முழு நாள் வேலைக்கு முழுப் பேர் விழுந்தால். ஆகவே பட்டியலில் சின்னதாகத் தெரிகிற அந்த 1,000 ரூபாய், 2024இன் நாட்சம்பளக் கணக்கில் ஒரு தாய் விடியற்காலையில் மலையேறிக் கொழுந்தெடுத்துச் சம்பாதித்ததில் முக்கால் பங்கு. அந்தத் தாயின் மகன்தான் லீசிங்கில் ஆட்டோ எடுத்து ஓடுகிறான். இந்த மண்டபத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

குற்றம் செய்தவர் தண்டம் கட்டத்தான் வேண்டும். ஹட்டன் பிரதான வீதியின் அகலம் நமக்குத் தெரியும். ஒரு வேன் தப்பாக நின்றால் பஸ் நிற்கும், பஸ் நின்றால் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள், அம்புலன்ஸும் நிற்கும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கிரகறி வாவிப் பக்கம் போனவர்களுக்கும், சிவனொளிபாதமலைக் காலத்தில் நல்லதண்ணி வரை ஓடியவர்களுக்கும் நெரிசல் என்றால் என்ன என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒழுங்கு வேண்டும். நான் பேச வந்தது அந்த ஒழுங்கின் பெயரால் அநியாயமாக எழுதப்படும் சீட்டைப் பற்றி மட்டும்தான். அதைப் பற்றி நான் சொல்லப்போவதும் ஒன்றே ஒன்று: பொலிஸார் எழுதித் தரும் சீட்டு ஒரு குற்றச்சாட்டு. தீர்ப்பை நீதவான்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு நாம் பணத்தையும் இழக்கிறோம், மரியாதையையும் இழக்கிறோம்.

ஏன் அப்படிக் குழப்பிக்கொள்கிறோம்? அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. மலையகத்தில் எழுதிய காகிதம் வெகுகாலம் நமக்கு எதிராகவே இருந்தது. அந்தக் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது, பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கங்காணியின் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பெயரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். துண்டில் எழுதிய தொகை சரியா, யார் பட்ட கடன், எப்போது பட்டது என்று கேட்கும் பலம் தொழிலாளிக்கு இருக்கவில்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள். அதன் பிறகு 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிறந்த மண்ணிலேயே காகிதம் கேட்டார்கள். காகிதம் இல்லாதவர் நாடற்றவர் ஆனார். அந்தக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. இப்படி வந்த சமூகம், சீருடை போட்டவர் ஒரு தாளை நீட்டினால் படிக்காமலேயே தலையாட்டுவதில் வியப்பில்லை.

ஆனால் இதே மலையில் இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. 1936இல் அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பிரேஸ்கர்டில் என்ற இளைஞர் தோட்டத் தொழில் பழகுவதற்காக இங்கே வந்தார். மடுல்கெலைப் பக்கத்தில் ரெலுகாஸ் தோட்டம். தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்தவர், துரைமார் பக்கத்தை விட்டுவிட்டு லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் மேடையேறிப் பேசினார். அதே மாதம் ஆளுநர் ஸ்டப்ஸ் கையெழுத்திட்ட உத்தரவு அவர் கைக்கு வந்தது. இரண்டே நாளில், 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அந்தக் காலத்து இலங்கையில் ஆளுநரின் கையெழுத்துக்கு மேல் ஒரு கையெழுத்து இல்லை. ஆனாலும் அவர் போகவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எச்.வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம், அவசர நிலைமைக்காகக் கொடுத்த அதிகாரத்தை அப்படியான நிலைமை எதுவும் இல்லாதபோது பாவிக்க முடியாது என்று சொல்லி அவரை விடுவித்தது.

“அவர் வெள்ளைக்காரர், பின்னால் கட்சி, முன்னால் பெரிய சட்டத்தரணி. நமக்கு யார் இருக்கிறார்கள்?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த வழக்கில் நீதிமன்றம் கேட்ட கேள்வியை ஆட்டோ ஓட்டுகிற பையனும் கேட்கலாம். இந்தத் தாளை எழுத எந்தச் சட்டம் இடம் கொடுத்தது? அந்தச் சட்டம் சொன்ன நிலைமை அந்த இடத்தில் இருந்ததா? அநியாயச் சீட்டை எதிர்க்கும் வேலை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

சரி, காரியத்துக்கு வருவோம். முதலில் கைக்கு வந்த சீட்டு எந்தச் சீட்டு என்று பாருங்கள். எல்லாவற்றையும் நாம் ஃபைன் என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை வேறு வேறு.

ஒன்று, மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ வாங்கும் தரிப்பிடக் கட்டணம். நுவரெலியாவில் மாநகர சபை, ஹட்டன்-டிக்கோயாவிலும் தலவாக்கலை-லிந்துலையிலும் நகர சபை. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பக்கங்களில் பிரதேச சபைகள். இது தண்டம் இல்லை, இடத்துக்குக் கொடுக்கிற கூலி. இதை வாங்குவதற்குச் சபை உபவிதி செய்திருக்க வேண்டும், அது வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும். சபை இந்த வேலையைக் குத்தகைக்கும் விடலாம். ஆனால் குத்தகைக்காரர் உபவிதியை மீறிக் காசு கேட்க முடியாது. துண்டில் சபையின் பெயர், தொடர் இலக்கம், உங்கள் வாகன இலக்கம், நேரம், தொகை ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் வாங்க நிற்பவருக்கு உங்கள் லைசனைப் பிடுங்க அதிகாரம் இல்லை. துண்டே தராமல் காசு கேட்டால், அந்தக் காசு சபைக்குப் போகிறதா என்ற சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும்.

இரண்டாவது, பொலிஸார் இடத்திலேயே எழுதும் தண்டப்பணச் சீட்டு. நாம் ஸ்பொட் ஃபைன் என்கிறோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் பின்னர் சேர்த்த 215அ பிரிவின் கீழ் இது வருகிறது. மூன்றாவது, நேராக நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கு. விபத்து, குடிபோதை போன்ற பெரிய குற்றங்களுக்கு இதுதான் வழி. வாகனம் நிறுத்திய விஷயத்தில் பெரும்பாலும் நம் கைக்கு வருவது இரண்டாவது சீட்டு. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பொலிஸ் உத்தியோகத்தர் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு சீட்டைத் தருகிறார். அந்தச் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் இருக்கும். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பாகும், அதற்கு 28ஆம் நாள் வரை அவகாசம். அதையும் தாண்டினால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். தெரிந்த கதைதான். பலருக்குத் தெரியாத பகுதி இனித்தான் வருகிறது. தண்டத்தைக் கட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. கட்டியபின் “நான் குற்றம் செய்யவில்லை” என்று சொல்லி எங்கேயும் போக முடியாது. கட்டச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. கட்டாமல் நீதவான் முன்னால் நின்று சுற்றவாளி என்று சொல்வதும் சட்டம் தந்த வழிதான். கட்டாதவர் சட்டத்தை மீறியவர் ஆகிவிட மாட்டார். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் இடத்தை அவர் மாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இப்போது கையடக்கத் தொலைபேசியில் கவ்பே வழியாக நின்ற இடத்திலேயே தண்டம் கட்டும் ஏற்பாடு 2025இல் தொடங்கியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். நுவரெலியாவில் பிடிபட்ட அப்கொட் சாரதி லைசனுக்காக மறுபடி அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. கட்டுவது எவ்வளவு இலேசாகிறதோ, யோசிக்கிற நேரமும் அவ்வளவு குறைகிறது. பொத்தானை அழுத்துவதற்கு முன் “நான் உண்மையில் தப்பு செய்தேனா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, சீட்டு எழுதப்படும் அந்த ஐந்து நிமிடம். வழக்கு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான். கத்தாதீர்கள். கையைப் பிடிக்காதீர்கள். கடமையில் இருக்கும் உத்தியோகத்தருக்கு இடையூறு செய்தீர்கள் என்று இன்னொரு குற்றம் சேர்ந்துவிட்டால், முதல் குற்றம் பொய்யென்றாலும் நீங்கள் சிக்கிக்கொள்வீர்கள். மரியாதையாகக் கேளுங்கள்: “சேர், என்ன குற்றம் என்று சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள்.” அவருடைய பெயரும் இலக்கமும் சீட்டில் இருக்கிறதா, எந்த நீதிமன்றம், எந்தத் திகதி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்பது எதிர்ப்பு ஆகாது.

அடுத்தது படம். வாகனம் நின்ற நிலையில், நகர்த்துவதற்கு முன், நாலு பக்கமும் படம் எடுங்கள். தடைப் பலகை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மரக்கிளை மறைக்கிறதா, மஞ்சள் கோடு மழையில் அழிந்திருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் வர வேண்டும். நம்முடைய ஊரில் பகல் 2 மணிக்கே பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பலகை தெரியாது. அதையும் எடுங்கள். வாகனம் பழுதாகி நின்றதென்றால் கராஜ்காரர் கொடுத்த பில்லை வைத்திருங்கள். நோயாளியை இறக்க நிறுத்தினீர்கள் என்றால் ஆஸ்பத்திரித் துண்டை வைத்திருங்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருந்தால் அவருடைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே நடந்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்போது, பொலிஸாரிடம் அவர்கள் எழுதி வைத்த குறிப்பு இருக்கும். உங்களிடமும் ஒரு குறிப்பு இருக்கட்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கற்பனைதான். பொகவந்தலாவையிலிருந்து ஒரு சாரதி கர்ப்பிணித் தாயை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். அங்கே மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். ஹட்டனுக்கு வந்து மருந்துக் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்துகிறார். மூன்று நிமிடம். திரும்பி வந்தால் சீட்டு. இது அநியாயமா? அவசரம் என்ற ஒரே காரணத்தால் குற்றம் இல்லாமல் போய்விடாது. அங்கே தடைப் பலகை தெளிவாக இருந்தால், நீதவானிடம் சொல்ல அவருக்கு ஒரு நியாயம் இருக்கும், ஆனால் சட்டம் அவர் பக்கம் இருக்காது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு காரணத்தைச் சொல்லி இரக்கம் கேட்கலாம். பலகையே இல்லாத இடம் என்றால் கதை வேறு. அப்போது அவர் கேட்க வேண்டியது நியாயம், இரக்கம் இல்லை. எது உங்களுடைய வழக்கு என்று முதலில் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாதி இரக்கமும் பாதி நியாயமுமாகப் பேசினால் இரண்டும் கிடைக்காமல் போகலாம்.

சீட்டு பிழையென்று தெரிந்தால் 14 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, இடம், சீட்டு இலக்கம், வாகன இலக்கம், என்ன நடந்தது, என்ன படம் இருக்கிறது. ஒரு பக்கம் போதும். கோபம் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பித் தபாலகப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பிரதியொன்றை உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அனுப்பலாம். சீட்டை ரத்துச் செய்தே ஆக வேண்டும் என்று பொறுப்பதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சம்பவம் நடந்த சூட்டோடு நீங்கள் மறுத்து எழுதியது பதிவாகிவிடும். வழக்கு நாளில் “இப்போதுதான் கதை கட்டுகிறார்” என்று யாரும் சொல்ல முடியாது. உத்தியோகத்தர் நடந்துகொண்ட விதமே பிழை என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம்.

சபையின் தரிப்பிடக் கட்டணம் பற்றிய பிரச்சினையென்றால் கடிதம் போக வேண்டிய இடம் வேறு. மாநகர சபையென்றால் ஆணையாளர்; நகர சபை, பிரதேச சபையென்றால் செயலாளர். இங்கே நம் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. அதுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் மூன்றே கேள்வி எழுதிக் கொடுங்கள். இந்த வீதியில் கட்டணம் வாங்குவதற்கான உபவிதி எந்த வர்த்தமானியில் வந்தது? குத்தகை யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது? எந்த நேரத்துக்கு எவ்வளவு? 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு சாரதி கேட்டு வாங்கிய பதில் அந்தத் தரிப்பிடத்தில் நிற்கும் எல்லாச் சாரதிகளுக்கும் பயன்படும். சங்கம் வைத்திருக்கும் ஆட்டோ சாரதிகள் இதைச் சங்கத்தின் வேலையாகவே எடுத்துச் செய்யலாம்.

இனி நீதிமன்றம். கோட் என்றாலே நமக்கு ஒரு நடுக்கம். நீதவான் குற்றச்சாட்டை வாசித்துக்காட்டி நீங்கள் குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார். சுற்றவாளி என்றால் விசாரணைக்கு இன்னொரு திகதி கொடுப்பார்கள். அன்றைக்குச் சீட்டு எழுதியவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவர் தலையில்தான். நீங்கள் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பலகை எங்கே இருந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், வண்டிக்குள் ஆள் இருந்தாரா என்று அவரிடம் கேள்வி கேட்கலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களுக்கு 1978இலிருந்து சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போய்க் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தீர்ப்பு பிழையென்று பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கு 14 நாட்கள்தான், தாமதிக்கக் கூடாது.

இங்கே மொழி பற்றிச் சொல்லியாக வேண்டும். சீட்டில் கையால் எழுதுவது பெரும்பாலும் சிங்களத்தில். நம்மில் பலர் சிங்களம் பேசுவோம், எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தெரிந்தவரிடம் காட்டும்போதுதான் என்ன குற்றம் என்றே தெரிகிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பிரதேசத்திலும் எந்த அரச உத்தியோகத்தருடனும் தமிழில் தொடர்புகொள்ளவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் நமக்கு உரித்து உண்டு. நுவரெலியா, அம்பகமுவ உட்பட இந்த மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999லேயே இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமாகிவிட்டன. நீதிமன்றத்தில் நடக்கும் மொழி விளங்காவிட்டால் அரச செலவில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரித்தை 24ஆவது உறுப்புரை தருகிறது. ஆகவே கூண்டில் நின்று விளங்காமலே “ஓம்” போடாதீர்கள். “தமிழில் சொல்லுங்கள், எனக்கு விளங்கவில்லை” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பொறுப்பதிகாரிக்கு எழுதும் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுங்கள்.

மொழி காரணமாக உங்களை வேறுபடுத்தி நடத்தினார்கள் என்றால் அது 12ஆவது உறுப்புரையை மீறும் அடிப்படை உரிமை விஷயம். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அரசகரும மொழிகள் ஆணைக்குழு என்று 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்த ஒன்றும் இருக்கிறது. அங்கேயும் எழுதலாம். ஒரே ஒரு சீட்டுக்காக உயர் நீதிமன்றம் போகச் சொல்லவில்லை. தமிழில் ஒரு வரிகூட எழுத மாட்டோம் என்று ஓர் அலுவலகமே நடந்துகொண்டால், அதைக் கேட்பதற்கு இடம் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருங்கள்.

அடுத்து நான் சொல்வது கொழும்புச் சாரதிக்கு இல்லாத சிக்கல். லயத்தில் இருக்கும் நமக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது கொண்டுவருபவரைப் பொறுத்தது. நீதிமன்ற அழைப்பாணை இப்படி எங்கோ கிடந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தத் திகதியில் நீங்கள் போகவில்லை. நீதவானுக்கு உங்கள் லயம் எங்கே என்று தெரியாது. கூப்பிட்டும் வராதவர் என்றுதான் தெரியும். பிடியாணை வரும். 1,000 ரூபாய்ச் சீட்டு பொலிஸ் ஜீப்பில் வந்து நிற்கும். சீட்டை எதிர்த்துத் தோற்றவர்களைவிட, எதிர்த்துவிட்டுத் திகதியைத் தவறவிட்டவர்களுக்குத்தான் கூடிய கஷ்டம்.

ஆகவே கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சீட்டிலுள்ள திகதியை வைத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவகத்துக்கு நீங்களே போய் விசாரியுங்கள். முகவரி எழுதும்போது டிவிஷன், லய இலக்கம், தகப்பன் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். தற்காலிக அனுமதிப்பத்திரம் முடியும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வழக்கு அதற்கு மேல் நீண்டால் லைசன் பற்றி நீதிமன்றத்திடம் கேளுங்கள். காலம் முடிந்த தாளைக் காட்டிக்கொண்டு ஓடினால் அடுத்த சந்தியில் இரண்டாவது வழக்கு காத்திருக்கும். இங்கே வந்திருக்கும் தோட்டத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரியாலயத்தில் கிடக்கும் கடிதங்களை அன்றன்றே கொடுக்க ஒழுங்கு செய்து தருவது சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் குறைந்த வேலை இல்லை.

இன்னொரு வழி இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த வழி. சீட்டே இல்லாமல் மடித்த நோட்டு ஒன்று கைமாறுகிற வழி. 1,000 கட்டுவதை விட 500 கொடுத்தால் இலாபம் என்று கணக்குப் போடுகிறோம். நஷ்டத்தைப் பாருங்கள். கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் அதைத்தான் சொல்கிறது. அதோடு, இந்தத் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் கொடுப்பார்கள் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் தப்பே செய்யாத சாரதியிடமும் கேட்பார்கள். அநியாயச் சீட்டுகளில் ஒரு பங்கை நாமே இப்படி வளர்த்து விட்டிருக்கிறோம். கேட்டு வற்புறுத்தினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இவ்வளவும் சொன்னபின் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாச் சீட்டையும் எதிர்க்காதீர்கள். நீதிமன்றம் ஏறினால் இரண்டு மூன்று நாள் ஓட்டம் போகும். குற்றவாளி என்று தீர்ந்தால் சீட்டில் இருந்ததைவிடக் கூடிய தண்டம் விதிக்கவும் நீதவானுக்கு முடியும். பலகை இருந்தது, நீங்களும் பார்த்தீர்கள், ஆனாலும் நிறுத்தினீர்கள் என்றால் நாளைக்கே போய்க் கட்டுங்கள். ஆதாரமும் நியாயமும் கையில் இருந்தால் எதிர்த்து நில்லுங்கள். நியாயம் இருக்கிறது, ஆதாரம் இல்லை, குடும்பம் அந்த நாட்கூலியை நம்பி இருக்கிறது என்றால், பணத்தைக் கட்டிவிட்டுத் தெரிந்தே கட்டியவராக இருங்கள். அதில் இழிவு எதுவும் இல்லை. தெரியாமல் கட்டுவதுதான் இழிவு.

நம் சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. லண்டனில் இருக்கும் நம் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே நகர சபை தரும் தரிப்பிடச் சீட்டைப் பிழையென்று நினைப்பவர் முதலில் சபைக்கே எழுதலாம். சபை மறுத்தால் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குச் செலவில்லாமல் மேன்முறையீடு செய்யலாம். 14 நாளுக்குள் கட்டினால் தொகையும் பாதியாகும். இங்கே 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பாகிறது. கட்டுவதற்கும் கோட்டுக்கும் நடுவில் சுயாதீனமான ஓரிடத்தில் முறையிட ஒரு படி இல்லை. சாதாரண ஆளுக்கு அந்த ஒரு படி இருந்தால் போதும், பாதி அநியாயம் அங்கேயே தீர்ந்துவிடும். பாராளுமன்றத்துக்கு நாம் அனுப்பியவர்களிடம் அதைக் கேட்க வேண்டும். அதற்கு முன், நம் சபை உறுப்பினர்களிடம் இன்றைக்கே கேட்கக் கூடியவை சில இருக்கின்றன. தடைப் பலகைகள் தமிழிலும் இருக்க வேண்டும். அழிந்த கோடுகளை மறுபடி தீட்ட வேண்டும். தரிப்பிடக் கட்டணத்தைப் பெரிய எழுத்தில் அந்த இடத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஆட்டோவுக்கும் வேனுக்கும் போதிய இடம் ஒதுக்காமல் சீட்டு மட்டும் எழுதுவது நியாயம் ஆகாது.

சாரதித் தம்பிமார்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். வண்டியின் முன்பெட்டியில் ஒரு கொப்பியும் பேனாவும் வையுங்கள். உங்கள் சங்கத்தில் தமிழும் சிங்களமும் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்து, சீட்டு வாங்கிய எவரும் பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் காட்டிப் படித்துத் தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்யுங்கள். படித்தபின் கட்டுவதா, எதிர்ப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.